மலைச்சரிவுக் காற்றில் கிளைடர்: புதிதாகப் பழகுபவர்களுக்கு ஒரு விளக்கம்

கிளைடருக்கு இன்ஜின் கிடையாது. மேலே இழுத்து விட்ட நொடியிலிருந்து அது இறங்கிக்கொண்டேதான் இருக்கும். பல கிளப்புகளில் பயிற்சிக்கு வைத்திருக்கும் ஏ.எஸ்.கே. 21 என்ற இரட்டை இருக்கைக் கிளைடரை எடுத்துக்கொள்வோம். இறக்கையின் மொத்த நீளம் 17 மீட்டர். மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் போனால் ஒரு மீட்டர் இறங்குவதற்குள் சுமார் 34 மீட்டர் முன்னே போய்விடும். அந்தக் கணக்குப்படி விநாடிக்கு முக்கால் மீட்டர் இறக்கம். 400 மீட்டர் உயரத்தில் கயிற்றைக் கழற்றினால், சுற்றியிருக்கும் காற்று அசையாமல் இருக்கும் நாளில், ஒன்பது நிமிடத்துக்குள் தரைக்கு வந்துவிடுவீர்கள்.

அந்த ஒன்பது நிமிடத்தை ஐந்து மணி நேரமாக்குவதற்குத் தேவை ஒன்றுதான்: கிளைடர் இறங்கும் வேகத்தைவிடச் சற்று வேகமாக மேலே ஏறுகிற காற்று. அப்படிப்பட்ட காற்று கிடைக்கும் இடங்களில், கண்ணால் பார்த்தே இடத்தைச் சொல்லிவிடக்கூடியது மலைச்சரிவு ஒன்றுதான். கிளப் பயணமாக மலையோரத் தளத்துக்குப் போகும்போது எல்லோரும் ஆசைப்படுவது இந்தப் பறத்தலுக்குத்தான். ஆங்கிலப் பெயரைத் தழுவி ரிட்ஜ் சோரிங் என்பார்கள்.

காற்று ஏன் ஏறுகிறது

ஓடும் நீரில் கிடக்கும் பாறையைப் பாருங்கள். பாறையின் முன்புறம் நீர் வழவழப்பாக ஏறி, முகட்டைத் தாண்டி, பின்புறம் விழுந்து நுரைத்துச் சுழலும். மலைமேல் வீசும் காற்றும் இதையேதான் செய்கிறது. காற்று வந்து மோதும் பக்கத்தைக் காற்றுமுகம் என்போம், மறுபக்கத்தைக் காற்றுமறைவு என்போம். நமக்கு வேண்டியதெல்லாம் காற்றுமுகத்தில்தான் இருக்கிறது. காற்றுமறைவில் இருப்பது இறங்குகாற்றும் சுழலும். நீரின் நுரை கண்ணுக்குத் தெரியும், காற்றின் நுரை தெரியாது. ஆகவே, மலையைப் பார்க்கும்போதெல்லாம் ‘இங்கே தண்ணீர் ஓடினால் எப்படி ஓடும்?’ என்று மனத்தில் ஓட்டிப் பார்க்கும் பழக்கம் முதலில் வர வேண்டும்.

எண்களில் பார்த்தால் இன்னும் தெளியும். காற்று மணிக்கு 36 கி.மீ., அதாவது விநாடிக்கு 10 மீட்டர் வேகத்தில் நேராக மலையில் மோதுகிறது. சரிவு, நான்கு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயர்கிறது. சரிவை ஒட்டி ஓடும் காற்றின் மேல்நோக்கிய பங்கு விநாடிக்குச் சுமார் 2.4 மீட்டர். கிளைடரின் சொந்த இறக்கத்தைக் கழித்தால் ஒன்றரை மீட்டருக்கு மேல் ஏற்றம் மிச்சம். காகிதத்தில் இவ்வளவு, சரிவை விட்டு விலக விலக இது குறையும்.

அதே காற்று 45 பாகை சாய்ந்து வந்தால், மலைக்கு நேராக வரும் பங்கு 7 மீட்டராகிவிடும், ஏற்றம் 1.7 மீட்டர். 60 பாகை சாய்ந்தால் ஏற்றம் 1.2 மீட்டருக்கு இறங்கி, கிளைடரின் இறக்கத்தைக் கழித்த பின் கையில் அநேகமாக ஒன்றும் மிஞ்சாது. காற்று மலைக்கு நேராக வர வேண்டும், இருபுறமும் 30 பாகை வரை பரவாயில்லை, 45-க்கு மேல் நம்பாதே என்று சொல்லித்தருவது இதனால்தான். வேகத்தைப் பொறுத்தவரை, பெரும்பாலான தளங்களில் 15 நாட், அதாவது மணிக்கு 28 கி.மீ. இருந்தால் நாள் உருப்படியாகத் தொடங்கும்.

காற்று நிற்காதவரை இந்த ஏற்றமும் நிற்காது. 1911 அக்டோபரில் ஆர்வில் ரைட் அமெரிக்காவின் கில் டெவில் மணற்குன்றுகளில் இன்ஜின் இல்லாமல் 9 நிமிடம் 45 விநாடி வானில் நின்றார். 1922 ஆகஸ்ட்டில் ஜெர்மனியின் வாசர்குப்பே மலையில் அது ஒரு மணி நேரத்தைத் தாண்டி, சில நாட்களிலேயே மூன்று மணி நேரமானது. 1952-ல் பிரான்சின் தெற்கே, மிஸ்ட்ரால் என்ற வாடைக்காற்றில் சார்ல் அட்ஜே 56 மணி 15 நிமிடம் பறந்தார். கிளைடர் சளைப்பதில்லை, மனிதர்தான் சளைக்கிறார். தூக்கக் கலக்கத்தில் விபத்துகள் நேர்ந்ததால், நேரச் சாதனைகளை அங்கீகரிப்பதையே பிறகு நிறுத்திவிட்டார்கள். இப்போது எஞ்சியிருப்பது வெள்ளி பேட்ஜ் என்ற விமானித் தகுதிச் சின்னத்துக்கான ஐந்து மணி நேரம். இன்றும் பலர் அதை மலைச்சரிவில்தான் முடிக்கிறார்கள்.

எல்லா மலையும் தூக்காது

நீண்ட, வழவழப்பான, முகடு உடையாத மலைத்தொடர்தான் சிறந்தது. அமெரிக்காவின் அப்பலாச்சிய மலைத்தொடரில் முகடுகள் நூற்றுக்கணக்கான கி.மீ. நீள்வதால், அங்கே ஒரே நாளில் 1000 கி.மீ.க்கு மேல் பறந்திருக்கிறார்கள். தனியாக நிற்கும் கூம்பு மலை உயரமாகத் தெரிந்தாலும் ஏமாற்றும். காற்றுக்கு மேலே ஏறுவதைவிடப் பக்கவாட்டில் சுற்றிக்கொண்டு போவது எளிது.

உள்வாங்கிய குடைவு காற்றைத் தன் முகத்துக்கு நேராகப் பிடித்தால் ஏற்றம் கூடும். காற்று சற்றே திசை மாறினால் அதே குடைவின் ஒரு பக்கம் காற்றுமறைவாகிவிடும். முன்னே நீண்டிருக்கும் கிளைக்குன்றின் பின்னாலும் அப்படித்தான். தொடரில் இடைவெளி இருந்தால் காற்று அதன் வழியாகப் புகுந்து ஓடிவிடும். அங்கே ஏற்றம் இருக்காது, போதிய உயரம் சேர்த்துக்கொண்டுதான் கடக்க வேண்டும். செங்குத்தான பாறைமுகம் பலமாகத் தூக்கும், ஆனால் அதன் அடிவாரத்திலும் விளிம்புக்குச் சற்றுப் பின்னாலும் காற்று கலங்கிக் கிடக்கும். இன்னொன்றையும் பலர் மறந்துவிடுகிறார்கள்: காற்று வரும் திசையில் சில கி.மீ. தள்ளி இன்னொரு மலை இருந்தால், அதன் மறைவில் நம் மலை வேலை செய்யாமல் போகலாம்.

ஏற்றம் மலையின்மேல் ஒரு பட்டைபோல நிற்கிறது. முகட்டுக்குச் சற்று முன்னாலும் மேலாகவும்தான் அது பலமாக இருக்கும். மேலே போகப் போகப் பட்டை காற்று வரும் திசைக்குச் சாய்ந்து கொடுக்கும், எனவே உயரம் சேரச் சேர மலையைவிட்டு முன்னே நகர வேண்டும். முகட்டுக்கு நேர் மேலே நின்றுகொண்டு ‘இங்கே ஏன் ஏறவில்லை?’ என்று தேடுவது புதியவர்கள் வழக்கமாகச் செய்வது. அவர்களுடைய ஏற்றம் முன்னே நூறு இருநூறு மீட்டர் தள்ளி இருக்கும். முகட்டுக்குக் கீழே இறங்கிவிட்டாலோ கதை தலைகீழ். பட்டை சரிவோடு ஒட்டிக்கொள்ளும், நாமும் ஒட்டிப் பறக்க வேண்டியிருக்கும். ஆபத்து தொடங்குவது இங்கேதான்.

காலையில்

தளம் புதிதென்றால் அங்குள்ள பயிற்றுநருடன் ஒருமுறை பறக்காமல் தனியே போக அனுமதிக்க மாட்டார்கள். அதைத் தடையாக நினைக்காதீர்கள். எந்தக் குடைவு எந்தத் திசைக் காற்றில் பொய் சொல்லும் என்பது வரைபடத்தில் இருக்காது.

காலைக் கூட்டத்தில் மூன்று விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, காற்றின் திசையும் வேகமும், பகலில் அது எப்படி மாறும் என்பதும். அடிவாரத்துக் காற்றைவிட முகட்டில் காற்று பலமாக இருக்கும். நமக்கு வேண்டியது முகட்டின் எண். இரண்டு, மேகத்தின் அடிமட்டம். ஈரக்காற்று மலையில் ஏறும்போது குளிர்ந்து, முகட்டின்மேலேயே மேகம் கட்டிக்கொள்ளும். முகட்டை மூடிய மேகம் இருந்தால் அன்று சரிவில் பறப்பதில்லை. மூன்று, கீழே இறங்கக்கூடிய வயல்கள் எவை, எந்த உயரத்தில் மலையைக் கைவிட வேண்டும்.

பறக்கும் முன் சரிபார்ப்பு எந்தத் தளத்திலும் ஒன்றுதான்: கட்டுப்பாடுகள், எடை, பெல்ட், கருவிகள், ட்ரிம், கூண்டுமூடி (தலைக்கு மேலுள்ள கண்ணாடி மூடி), ஏர் பிரேக் (இறக்கத்தைக் கூட்டும் இறக்கைத் தகடுகள்), கடைசியாக ‘கயிறு அறுந்தால் என்ன செய்வேன்’ என்பதை வாய்விட்டுச் சொல்வது. மலையில் பெல்ட்டை வழக்கத்தைவிட இறுக்கிப் போடுங்கள், கலங்கிய காற்றில் தலை கூண்டில் இடிக்கும். விளிம்பில்லாத தொப்பி போடுங்கள். முன்விளிம்பு உள்ள தொப்பி மேலிருந்து வரும் கிளைடரை மறைத்துவிடும்.

மேலே போக, தரையில் இருந்தபடி கயிற்றைச் சுருட்டி இழுக்கும் வின்ச் உண்டு, இழுவை விமானம் உண்டு. முகட்டின்மேலேயே தளம் இருந்தால், காற்று பலமான நாளில் ரப்பர் கயிறும் உண்டு. வி வடிவில் விரித்த கயிற்றின் இரு முனைகளையும் இரு அணிகள் பிடித்துக்கொண்டு, முதலில் நடந்து பிறகு சரிவில் ஓட, பின்னால் பிடித்திருப்பவர் விட்டதும் கிளைடர் கவணிலிருந்து போவதுபோலப் போகும். இங்கிலாந்தின் லாங் மிண்ட் மலையில் இன்றும் இப்படி ஏற்றுகிறார்கள்.

மலையோடு சேர்வது

வின்ச்சிலிருந்து கழன்றதும் மலையை நோக்கிச் செங்குத்தாகப் போய் முட்டுவதுபோல நெருங்காதீர்கள். முகட்டைவிட உயரத்தில், காற்றுமுகப் பக்கத்திலிருந்து, 45 பாகையோ அதற்கும் குறைவாகவோ சாய்ந்து நெருங்குங்கள். அந்தக் கோணத்தில் இருந்தால் ஏற்றம் இல்லையென்று தெரிந்ததும் சிறு திருப்பத்தில் பள்ளத்தாக்குப் பக்கம் விலகிவிடலாம். காற்றுமறைவுப் பக்கத்திலிருந்து தாழ்வாக முகட்டைத் தாண்டி வர முயல்வது ஒருபோதும் கூடாது. அங்கே இறங்குகாற்று, எதிர்க்காற்று, எதிரே மலை. மூன்றும் சேர்ந்து உயரத்தைத் தின்றுவிடும்.

சேர்ந்த பிறகு, தறியில் நாடா ஓடுவதுபோல முகட்டை ஒட்டி அங்கும் இங்கும் நடை போடுவதுதான் வேலை. ஆனால் மூக்கு மலைக்கு இணையாக இருக்காது. 36 கி.மீ. காற்று பக்கவாட்டில் மலையை நோக்கித் தள்ளுகிறது, 95 கி.மீ. வேகத்தில் பறந்தால், மூக்கைச் சுமார் 22 பாகை பள்ளத்தாக்குப் பக்கம் திருப்பி வைத்தால்தான் மலைக்கு இணையாக நகர முடியும். நண்டு நடப்பதுபோல. அப்போது தரைமேல் நம் வேகம் 88 கி.மீ.

புதியவர்களுக்கு இந்த 22 பாகை உறுத்தும். கிளைடர் ‘கோணலாக’ப் போவதாகத் தோன்றும். கால் தானாகவே ரடரை (வால் சுக்கானை) அழுத்தி மூக்கை மலையோரமாகத் திருப்பப் பார்க்கும். கூண்டுமேல் ஒட்டியிருக்கும் கம்பளி நூலைப் பாருங்கள். நூல் நடுவில் நேராக இருந்தால், தரையோடு ஒப்பிட எப்படித் தெரிந்தாலும் கிளைடர் காற்றுக்குள் நேராகத்தான் போகிறது. நூல் ஒரு பக்கம் சாய்ந்து நின்றால் கால் பொய் சொல்கிறது. மெதுவான வேகத்தில், நூல் சாய்ந்த நிலையில், ஸ்டால் ஆனால், அதாவது இறக்கை தூக்கும் திறனை இழந்தால், ஒரு இறக்கை மட்டும் சட்டென்று விழும். மலையோரத்தில் அதை மீட்க உயரம் இருக்காது.

எப்போதும் வெளியே திரும்பு

நடையின் கடைசியில் திரும்பும்போது பள்ளத்தாக்குப் பக்கம் மட்டுமே திரும்ப வேண்டும். வெளியே என்றால் காற்றை நோக்கி. இதற்கு விலக்கே இல்லை. மூக்கு ஏற்கெனவே 22 பாகை வெளியே இருப்பதால், மறுநடையின் 22 பாகையையும் கழித்தால், 180 அல்ல, 136 பாகை திரும்பினாலே போதும். நன்றாகச் சாய்த்துச் சுருக்கமாகத் திரும்புங்கள். சோம்பலாக அகலத் திரும்பினால் பட்டையைவிட்டு வெகுதூரம் வெளியே போய், ஒவ்வொரு திருப்பத்திலும் உயரத்தை இழப்பீர்கள். முகடு முடியும் இடம்வரை போய்த் திரும்புவதும் நஷ்டம். முனையில் ஏற்றம் மெலிந்திருக்கும், கொஞ்சம் முன்பே திரும்பிவிடுங்கள்.

மலைப்பக்கம் திரும்பினால் என்ன ஆகும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டால் பிறகு யாரும் நினைவூட்ட வேண்டாம். 95 கி.மீ. வேகத்தில் 40 பாகை சாய்ந்து ஒரு முழு வட்டம் போட 20 விநாடி ஆகும். வட்டத்தின் ஆரம் சுமார் 85 மீட்டர். அந்த 20 விநாடியில் காற்று உங்களை 200 மீட்டர் மலையை நோக்கித் தள்ளியிருக்கும். வட்டத்தின் நடுவே மூக்கு மலையைப் பார்க்கும் கணத்தில், பின்காற்றும் சேர்ந்து தரைவேகம் 131 கி.மீ. வட்டம் போட இடம் இருப்பதாகத் தெரிந்த இடத்தில் உண்மையில் இடமே இல்லை. சரிவுக்கு மேலே தெர்மல், அதாவது வெயிலில் சூடாகி எழும் காற்று, கிடைத்தாலும், முகட்டைவிட நன்றாக உயரும்வரை அதற்குள் எட்டு வடிவத்தில் பள்ளத்தாக்குப் பக்கமாகவே திரும்பித் திரும்பி ஏறுங்கள்.

இங்கே ஒரு கண்மயக்கும் உண்டு. காற்று முதுகில் வரும்போது தரை வேகமாக ஓடும். ‘ரொம்ப வேகமாகப் போகிறோம்’ என்று கை தானாக ஸ்டிக்கைப் பின்னே இழுக்கும். காற்றுவேகம் குறையும். நேராகப் பறக்கையில் 65 கி.மீ.யில் ஸ்டால் ஆகும் கிளைடர், 40 பாகை சாய்வில் 74 கி.மீ.யிலேயே ஸ்டால் ஆகும். எதிரே உயர்ந்து நிற்கும் மலை அடிவானத்தை மறைத்திருப்பதால் மூக்கு எவ்வளவு தூக்கியிருக்கிறது என்றும் தெரியாது. தரையை நம்பாமல் வேகமானியைப் பாருங்கள், காற்றின் ஓசையைக் கேளுங்கள். ஓசை அடங்கினால் அது எச்சரிக்கை.

ஆகவே மலையோரத்தில் வேகம்தான் கையிருப்பு. முகட்டுக்கு மேலே தள்ளி இருக்கும்போது மெதுவாகப் பறக்கலாம். சரிவை நெருங்க நெருங்க 95, 100, காற்று கலங்கியிருந்தால் 110 என்று கூட்ட வேண்டும். மெதுவாகப் பறந்தால் இன்னும் கொஞ்சம் ஏறலாமே என்று தோன்றும். அது மேலே, இடம் தாராளமாக இருக்கும்போது பார்க்க வேண்டிய கணக்கு. கூடுதல் வேகம் கொஞ்சம் ஏற்றத்தைத்தான் தின்னும். அதற்குப் பதிலாக, திடீர் இறங்குகாற்றில் உடனே விலகும் திறன் கையில் இருக்கும்.

எதிரே இன்னொருவர்

நல்ல நாளில் ஒரே முகட்டில் பத்து கிளைடர்கள் ஒரே உயரத்தில் நடை போடும். எதிரெதிரே வரும் இருவரின் தரைவேகமும் 88 என்றால், 500 மீட்டர் இடைவெளி பத்தே விநாடியில் காலி.

வானத்தில் நேருக்கு நேர் சந்தித்தால் இருவரும் வலப்பக்கம் விலகுவது பொது விதி. மலையில் இது பாதிப் பேருக்குச் சாத்தியமில்லை. யாருக்கு மலை வலப்பக்கம் இருக்கிறதோ அவர் வலப்பக்கம் போனால் மலையில் மோதுவார். அதனால் மலை வலப்பக்கம் இருப்பவருக்கு வழியுரிமை. மலை இடப்பக்கம் இருப்பவர் வலப்பக்கம், அதாவது பள்ளத்தாக்குப் பக்கம், விலகிக் கொடுக்க வேண்டும். காரணத்தோடு நினைவு வைத்துக்கொண்டால் பதற்றத்திலும் குழம்பாது. விலகுவதானால் சீக்கிரமே, எதிரில் வருபவருக்குப் புரியும்படி நன்றாக விலகுங்கள்.

முந்துவது எந்தப் பக்கம் என்பது நாட்டுக்கு நாடு, தளத்துக்குத் தளம் வேறுபடும். காலைக் கூட்டத்திலேயே கேட்டுவிடுங்கள். எங்கே பறந்தாலும் ஒன்றை மறக்காதீர்கள்: முன்னால் போகிறவர் உங்களைப் பார்க்கவில்லை, எந்த நொடியிலும் வெளியே திரும்பலாம். சந்தேகம் இருந்தால் முந்தாமல் நீங்களே திரும்பிவிடுங்கள். பாராகிளைடர்கள் நம்மைவிட மிக மெதுவாகத்தான் போகும், பின்னால் பார்க்கவும் அவர்களுக்குச் சிரமம்; நன்றாக இடம் விடுங்கள். அருகில் வரும் கிளைடரைக் காட்டும் ஃபிளார்ம் கருவி எச்சரிக்கும்தான், ஆனால் அதைப் பொருத்தியவர்களை மட்டுமே அதற்குத் தெரியும்.

ஏற்றம் செத்தால்

காற்று திசை மாறும். மழை மேகம் ஒன்று கடந்து போகும்போது பத்து நிமிடம் காற்றே இருக்காது. மாலையில் வெயில் தாழ்ந்து சரிவு குளிர்ந்ததும், குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து கீழே இறங்கத் தொடங்கும். மேற்கு பார்த்த மலையில் அதே நேரத்தில் சூரியன் கண்ணில் அடிக்கும், எதிரே வருபவர் தெரியமாட்டார்.

முதல் அறிகுறி, ஏற்ற இறக்க வேகத்தைக் காட்டும் வேரியோமீட்டரில் அல்ல, முகட்டோடு ஒப்பிடும்போதே தெரியும். போன நடையில் முகட்டுக்குப் பின்னால் தெரிந்த மரங்கள் இந்த நடையில் மறைந்துவிட்டன என்றால் நீங்கள் இறங்கிவிட்டீர்கள். இரண்டு நடை போட்டும் மீளவில்லையென்றால் முடிவெடுக்கும் நேரம். ‘இன்னும் ஒரே ஒரு நடை’ என்ற எண்ணம்தான் பலரை வயலுக்கும் எட்டாத, முகட்டுக்கும் எட்டாத உயரத்தில் கொண்டுபோய் விடுகிறது. வயலைச் சுற்றிப் பார்த்து, ஒழுங்கான சுற்று அமைத்து இறங்க, தரையிலிருந்து 200 முதல் 250 மீட்டராவது வேண்டும். மலையிலிருந்து வயல்வரை போகும் தூரத்துக்கான உயரத்தையும் அதோடு கூட்டுங்கள். அந்த எண் வந்ததும், ஏற்றம் இருக்கிறதா என்று பார்க்காமல் கிளம்பிவிடுங்கள். பறக்கும்போதெல்லாம் ‘இப்போது ஏற்றம் நின்றால் எந்த வயல்?’ என்பதற்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். நடை நகர நகர வயலும் மாறும்.

திரும்பி இறங்குவது

தளம் முகட்டின்மேல் இருந்தால், காற்றுக்கு எதிராக இறங்குவதற்கு முதலில் மலையின் பின்புறம் போக வேண்டும். அங்கேதான் இறங்குகாற்று இருக்கிறது என்று முன்பே பார்த்தோம். அதனால் வழக்கத்தைவிட உயரமாகவும், தளத்துக்கு நெருக்கமாகவும் சுற்று போடுங்கள். பின்காற்றில் சில விநாடிகள் அதிகம் போய்விட்டால் எதிர்க்காற்றில் திரும்பி வர முடியாமல் போகலாம்.

இறங்கும் வேகத்துக்கு ஒரு எளிய கணக்கு: அமைதியான நாளின் வேகத்தோடு காற்றின் வேகத்தில் பாதியைச் சேருங்கள். 36 கி.மீ. காற்றில், 90-உடன் 18 சேர்த்து 108 கி.மீ. தரையை ஒட்டிக் காற்று மெதுவாக வீசும், மேலே வேகமாக வீசும். இறங்கும்போது எதிர்க்காற்று திடீரென்று குறைய, வேகமானி முள் பத்து பதினைந்து கி.மீ. சரியும். சேர்த்து வைத்த 18 அதற்குத்தான். ஏர் பிரேக்கை முழுதாகத் திறந்து வைத்துக்கொண்டு காற்று குறையும் இந்த அடுக்குக்குள் நுழைந்தால் தரையில் பலமாக இடிக்கும். பாதி திறந்தாலே போதும்.

நின்ற பிறகும் கிளைடர் பறக்கத் தயாராகத்தான் இருக்கிறது, பலமான காற்றில் இறக்கைக்குத் தரை, வானம் என்ற வேறுபாடு தெரியாது. ஆள் வந்து இறக்கை நுனியைப் பிடிக்கும்வரை இருக்கையைவிட்டு எழாதீர்கள், ஏர் பிரேக் திறந்தே இருக்கட்டும். தள்ளிக்கொண்டு போகும்போது காற்று வரும் பக்கத்து இறக்கை நுனியை ஒருவர் தாழ்த்திப் பிடித்தே வர வேண்டும். நிறுத்தும் இடத்தில் மூக்கைக் காற்றுக்கு நேராக வைக்காமல் குறுக்காக நிறுத்தி, காற்று வரும் பக்கத்து இறக்கையைத் தரையில் படுக்க வைத்து, மேலே கனமான டயர் போட்டு, வால் நகராமல் முட்டுக் கொடுங்கள். கூண்டுமூடியைத் திறந்தபடி விட்டுவிட்டுப் போகாதீர்கள். ஒரு வீச்சில் கீல் உடைந்தால் அந்தப் பயணத்தில் அந்தக் கிளைடர் பிறகு பறக்காது.